மேற்படி

"கோர்ட்ல நிக்கிற மாதிரி ஒரு ஆளைப் பத்தி எப்படி எழுதுறது?" என்று சங்கரபாண்டி கேட்டார்.

அந்தோணியம்மாள் நிமிரவில்லை. யாருடைய வேலைநீக்க உத்தரவையோ படித்துக்கொண்டிருந்தார்.

"யாரு நிக்கணும்? எழுதுற ஆளா, எழுதப்படுற ஆளா?"

சங்கரபாண்டி எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.

அவர் நூற்பாலையில் சூப்பர்வைசர். வயது ஐம்பத்து நான்கு. அந்தோணியம்மாள் அவரைவிட ஒன்பது வயது இளையவர். அதே ஆலையில் வேலை பார்த்து, வெளியே தள்ளப்பட்டு, தன் வழக்கைத் தானே நடத்தி ஜெயித்தவர். ஜெயித்த பிறகு உள்ளே போகவில்லை. பஸ் நிலையத்துக்குப் பின்னால், சைக்கிள் உதிரிபாகக் கடைக்கு மேலே சங்கத்தின் அறை. அங்கே உட்கார்ந்து மற்றவர்களின் வழக்கை நடத்தினார். ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிலாளிகளுக்குச் சட்டம் சொல்லிக் கொடுத்தார்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஒரு வழக்கில் நிர்வாகத்தின் சாட்சியாகக் கூண்டில் ஏறிய சங்கரபாண்டியை அவர்தான் குறுக்கு விசாரணை செய்தார். கேட்டது ஒரே கேள்வி.

"நீங்க பாத்தீங்களா?"

அதையே பதினேழு முறை கேட்டார். பதினாறு முறை சங்கரபாண்டி வேறு எதையோ சொன்னார். பதினேழாவது முறை, "இல்லை" என்றார். கூண்டுக்குள் அவர் முழங்கால் ஆடியதை நீதிபதியே பார்த்தார்.

அடுத்த ஞாயிறு வகுப்பில் பின் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். தன்னை அவ்வளவு நடுங்கவைத்தவரிடம்தான் ஏதோ இருக்கிறது என்று அவருக்குப் பட்டது. தொழிலாளிகள் முணுமுணுத்தார்கள். கம்பெனி அனுப்பிய ஒற்றன் என்றார்கள்.

"இருக்கட்டும்ப்பா," என்றார் அந்தோணியம்மாள். "ஒற்றனும் நாலு எழுத்து படிச்சிட்டுப் போகட்டும்."

அப்படி வந்தவர்தான் இன்று, செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஷிப்ட் முடிந்த கையோடு படியேறி வந்திருந்தார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை தெருவைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஏறினார்.

விஷயத்தைச் சொன்னார்.

நூலைக் கோனில் சுற்றும் பிரிவில் முத்துப்பேச்சி என்று ஒரு பெண். பதினொரு வருடமாக வேலை பார்க்கிறாள். அந்தப் பிரிவில் பெண்களின் கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தாழ்ப்பாள் வேண்டும் என்று எழுதி, முத்துப்பேச்சி நாற்பத்தொரு கையெழுத்து வாங்கி நிர்வாகத்திடம் கொடுத்துவிட்டாள்.

தாழ்ப்பாள் கேட்டதற்காக ஒருத்தியை வேலையைவிட்டு நீக்கினால் காகிதத்தில் படிக்க அசிங்கமாக இருக்கும். முதலாளிகளுக்குக் காகிதம் அழகாக இருக்க வேண்டும். ஆகவே அவள் வேலை சரியில்லை என்று ஆக வேண்டும். அதை எழுத வேண்டியவர் சங்கரபாண்டி.

"எழுதியாச்சா?"

"எழுத வேண்டியதே இல்லங்கம்மா. பாதி ஏற்கெனவே எழுதியிருக்கு."

அதுதான் அவருடைய பயம்.

ஒவ்வொரு ஜனவரியிலும் அறுபத்து நான்கு பெண்களின் வேலையைப் பற்றி ஒரு பதிவேட்டில் அவர் எழுதியாக வேண்டும். முதல் பெயருக்கு நேரே ‘வேலை திருப்தி’ என்று எழுதுவார். அதற்குக் கீழே அறுபத்து மூன்று பேருக்கும் ‘மேற்படி’, ‘மேற்படி’ என்று இறங்கிக்கொண்டே போவார். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும். முத்துப்பேச்சியின் பெயர் முப்பதாவதோ நாற்பதாவதோ. பதினொரு வருடமும் மேற்படிதான்.

இந்த வருடம் வெளிநாட்டிலிருந்து தணிக்கைக்கு ஆள் வருகிறது, ஒவ்வொருவருக்கும் தனிக்கோப்பு வேண்டும் என்றார்கள். குமாஸ்தா என்ன செய்தார் என்றால், பதிவேட்டை வரி வரியாகக் கத்தரித்து அவரவர் தாளில் ஒட்டிவிட்டார். மிச்சத்தைப் பழைய பேப்பரில் போட்டுவிட்டார்.

இப்போது முத்துப்பேச்சியின் தாளில் பதினொரு துண்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு தேதி, ஒரு மேற்படி, சங்கரபாண்டியின் கையெழுத்து. எல்லாவற்றுக்கும் மேலே ‘பொதுக் குறிப்பு’ என்று ஒரு காலிக் கட்டம்.

நிர்வாகத்தின் மேலாளர் அந்தக் கட்டத்தில் விரலை வைத்தாராம். அவர் குரலை உயர்த்தியதை யாரும் கேட்டதில்லை.

"இங்க ஒரு வரி போடுங்க சங்கரபாண்டி. ‘வேலையில் கவனமும் திறமையும் இல்லை.’ மீதியெல்லாம் நீங்களே எழுதிட்டீங்க. பதினொரு வருஷம் பொறுத்துப் பாத்தோம்னு ஆயிரும்."

வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்றார். பிறகு இன்னொரு கோப்பை எடுத்து மேஜைமேல் வைத்தார். திறக்கவில்லை. அதன்மேல் சங்கரபாண்டியின் பெயர் இருந்தது.

இதைச் சொல்லும்போது சங்கரபாண்டி தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்திருந்தார்.

அந்தோணியம்மாள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் முன்னால் தள்ளினார்.

"பேரை எழுதுங்க."

எழுதினார்.

"ரெண்டு விரக்கடை இடம் விடுங்க. அதுக்குக் கீழே ‘மேற்படி’ன்னு எழுதுங்க. தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்க."

முப்பது வருடமாகச் சொன்னதை எழுதியே பழகிய கை. எழுதியது.

அந்தோணியம்மாள் தாளை வாங்கி, மை காயும்வரை ஊதி, மேஜை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். மறுபடி வேலைநீக்க உத்தரவைப் படிக்கத் தொடங்கினார்.

கீழே கடையில் யாரோ சக்கரத்தைச் சுற்றிவிட்டார்கள். அது ஓய்ந்து நிற்கும்வரை சங்கரபாண்டி உட்கார்ந்திருந்தார்.

"மேலே என்ன எழுதப்போறீங்க?"

"இன்னும் யோசிக்கல."

"எதை வேணும்னாலும் எழுதலாமே."

"ஆமா."

"நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"பாத்தேன்."

"அதைக் குடுத்திருங்கம்மா."

"ஏன், நான் உங்களுக்குக் கெடுதல் பண்ணுவேனா?"

"தெரியலையே."

"முத்துப்பேச்சிக்கும் தெரியாது. அவளுக்கு இப்படி ஒரு தாள் இருக்கிறதே தெரியாது. அந்த வகையில நீங்க தேவலை."

சங்கரபாண்டி எழுந்தார். கால் மரத்துப் போயிருந்தது. வாசலில் நின்று, என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்.

"அந்தக் கேள்வி ஞாபகம் இருக்கா சூப்பர்வைசர் சார்? பதினேழு தடவை கேட்டேனே."

புதன்கிழமை காலை சங்கரபாண்டி முத்துப்பேச்சியின் இயந்திரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். பதினொரு வருடமாக அந்த வழியில் ஒரு நாளைக்கு இருபது முறை நடந்திருக்கிறார். நின்றதில்லை.

அவள் இடது கைக்காரி. அது அவருக்குத் தெரியாது.

நூல் அறுந்தால் அவள் பார்ப்பதற்கு முன்பே கை அங்கே போய்விடுகிறது. முடிச்சு விழுகிறது, கோன் சுழல்கிறது. பஞ்சுத்தூசி அவள் புருவத்தில் வெள்ளையாகப் படிந்திருந்தது.

அவர் நிற்பதை அவள் பார்த்துவிட்டாள். அதன் பிறகு இரண்டு முறை முடிச்சு தவறியது. அடுத்த இயந்திரத்துப் பெண் மெல்ல நகர்ந்து போனாள், தன்மேல் ஏதும் ஒட்டிக்கொள்ளுமோ என்பதுபோல. நூற்பாலையில் சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்பது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவள் விரல்கள் நடுங்குவதை அவர் பார்த்தார். அந்த நடுக்கம் அவருக்கு நன்றாகத் தெரியும். நேற்றுத் தொடைக்கு அடியில் வைத்திருந்தது அதைத்தான்.

இடைவேளை முடிந்து அவள் தாமதமாக வந்தாள். நான்கு நிமிடம் இருக்கும் என்று அதையும் அவர் குறித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் அவளைக் கூப்பிட்டார். முந்தானையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"என்னைய நிப்பாட்டிட்டீங்களா சார்?"

இல்லை, உன் தாளில் எழுதியிருப்பதை வாசிக்கிறேன், தப்பு இருந்தால் சொல் என்றார். வாசித்தார்.

"புதன்கிழமை காலை பக்கத்தில் இரண்டு மணி நேரம் நின்று பார்த்தேன். நூல் பத்தொன்பது முறை அறுந்தது. பதினேழு முறை முதல் முயற்சியிலேயே முடிச்சுப் போட்டார். இரண்டு முறை தவறியது. நான் பக்கத்தில் நிற்பதைக் கண்ட பிறகே தவறியது. இடைவேளைக்குப் பின் நான்கு நிமிடம் தாமதம். காரணம், கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாததால் இன்னொருவருக்காக வெளியே நிற்க வேண்டியிருக்கிறது."

அவள் தாளை எட்டிப் பார்த்தாள்.

"நாலு நிமிஷம் இல்ல சார். ஆறு. எனக்கப்புறம் லூர்துமேரியும் போச்சு, அதுக்கும் நின்னேன்."

அவர் நான்கை அடித்து ஆறு என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்திட்டார். தாளின் அடியில் ‘ஊழியரின் கருத்து’ என்று ஒரு கட்டம் இருந்தது. யாருடைய தாளிலும் அதில் மை பட்டதில்லை. அவள் குனிந்து, இடது கையால், ‘படித்துக் காட்டினார்’ என்று எழுதிப் பெயரைப் போட்டாள்.

அங்கிருந்து நேரே சங்க அறைக்குப் போனார். அந்தோணியம்மாள் தாளை வாங்கிப் படித்தார். இழுப்பறையைத் திறந்து, சங்கரபாண்டியின் தாளை எடுத்து, விட்டிருந்த இடத்தில் ஒரு வரி எழுதினார். பிறகு சத்தமாக வாசித்தார்.

"பயந்த மனுஷன். பயத்தோடயே படியேறி வந்தார், பாத்தேன். சரியா?"

"சரிதான்."

"அப்ப எடுத்துட்டுப் போங்க."

அவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஆனால் போகவில்லை. முத்துப்பேச்சியின் தாளில் மேலே இருந்த கட்டம் இன்னும் காலியாகவே இருந்தது. அதற்குக் கீழே அவருடைய பதினொரு கையெழுத்துகள்.

"இதுல என்ன போடணும்?"

"என்னைக் கேக்காதீங்க சார். அதுக்குக் கீழே இருக்கிறது என் கையெழுத்து இல்லை."

வெள்ளிக்கிழமை மேலாளர் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். பத்தொன்பது, பதினேழு, ஆறு நிமிடம், தாழ்ப்பாள் எல்லாவற்றையும் படித்தார். பிறகு விரல் மெதுவாக மேலே ஏறி அந்தக் கட்டத்துக்கு வந்தது.

அதில் ஒரு வரி இருந்தது. ‘நான் இவருடைய வேலையைப் பார்க்காமல் எழுதினேன்.’

அதற்குக் கீழே, மேற்படி. மேற்படி. மேற்படி. பதினொரு வருடம்.

"உக்காருங்க," என்றார் மேலாளர். குரல் உயரவில்லை.

சங்கரபாண்டி உட்கார்ந்தார். மேஜைக்குக் கீழே முழங்கால் ஆடத் தொடங்கியது. கூண்டில் ஆடியதே இன்னும் நிற்காததுபோல ஆடியது.

மேலாளர் முத்துப்பேச்சியின் கோப்பை ஓரமாகத் தள்ளினார். சங்கரபாண்டியின் கோப்பை இழுத்து, திறந்து, பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"வேற ஒண்ணுமில்ல. ஒரே ஒரு வரி."

பேனா தாளை நோக்கி இறங்கியது.

சங்கரபாண்டி சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"எழுதுங்க சார்," என்றார். "எழுதிட்டு எனக்கு வாசிச்சுக் காட்டுங்க."

பேனா நின்றது.