பத்துப் பேருக்கு ஒரு வீடு

வீட்டுக்குப் பிளான் போட்டுக் கொடுக்கும் மனோன்மணி அம்மாவிடம் ஒரு பழக்கம் உண்டு. தாளில் வரைந்ததை அவர் நம்பமாட்டார். காலி மனையில் சுண்ணாம்புத் தூளால் அதே அளவுக்குக் கோடு போட்டு, குடிவரப் போகிறவர்களை உள்ளே நடக்கவிட்டுப் பார்ப்பார். அதற்கப்புறம்தான் கடைக்கால் தோண்டுவது.

சிகாமணி அவரிடம் பன்னிரண்டு வருஷமாகத் தொழில் பழகுகிறவன். தலையெல்லாம் நரைத்துவிட்டது. பிரிசில்லா வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

மேற்கு மாம்பலத்தில் அரை கிரவுண்டு மனை, ஆயிரத்து இருநூறு சதுர அடிதான். பழைய வீட்டை இடித்துவிட்டு, பத்துப் பேரும் சேர்ந்து இருக்க வீடு கேட்டது ஒரு குடும்பம். இரண்டு பேரும் தனித்தனியாகப் போடுங்கள், அவர்கள் யாருடையதை ஏற்கிறார்களோ அவர் பெயரும் நம் அலுவலகப் பலகையில் ஏறும் என்று அம்மா சொல்லிவிட்டார். சிகாமணிக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. நேற்று வந்தவளோடு போட்டியா? இத்தனை வருஷம் நான் என்ன ஈ ஓட்டிக்கொண்டா இருந்தேன்?

பிரிசில்லா சாப்பிடப் போன நேரம் பார்த்து அவள் மேஜை இழுப்பறையைத் திறந்து அவள் பிளானைப் பார்த்தான். தப்புதான். பொறாமை பிடித்தவனுக்கு ஏது வெட்கம்?

அவள் கூடத்தைவிட இவன் கூடம் இரண்டடி நீண்டது. அவள் கிழக்கே ஒரு ஜன்னல் வைத்தால் இவன் இரண்டு வைத்தான். பூஜை அறையையும் விடவில்லை, அதையும் அகட்டினான். அரை கிரவுண்டில் எல்லாவற்றையும் அகட்டினால் எதையாவது மேலே தூக்கத்தானே வேண்டும்? கீழே இருந்த ஒரே படுக்கையறையை மாடிக்குத் தூக்கினான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மனையில் முதலில் சிகாமணியின் கோடு. பிள்ளைகள் கூடத்தில் ஓடிப் பிடித்து விளையாடினார்கள். மருமகள்கள் இருவரும் ஜன்னல் ஜன்னலாகப் போய் நின்றார்கள். சிகாமணி பிரிசில்லாவின் முகத்தையே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான். அது வாட வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு.

வீட்டுப் பெரியவர் வரதப்பனுக்கு எண்பது வயசு. கைத்தடியை ஊன்றிக்கொண்டு கோடுகளுக்குள் தன் அறையைத் தேடினார். மாடியில் இருக்கிறது என்றான் சிகாமணி. அவர் படிக்கட்டுக் கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணினார். பதினேழு.

"பரவாயில்ல," என்றார் மூத்த மகனிடம். "நான் கூடத்துலயே ஒரு ஓரமா படுத்துக்கறேன்."

மகன் அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அடுத்த பிளானைப் பார்க்கலாமா என்று மனோன்மணி அம்மாவிடம் கேட்டார். பிரிசில்லா துடைப்பத்தையும் தூள் வாளியையும் எடுத்துக்கொண்டு போனாள்.

சிகாமணிக்குப் பொறுக்கவில்லை. அம்மாவை வாசல் கேட் பக்கம் தனியாகக் கூப்பிட்டான்.

"என் வீட்ல என்ன மேடம் குறை? கூடம் பெருசு. வெளிச்சம் ஜாஸ்தி."

"பிரிசில்லா கூடம் எத்தனை அடி?"

"பதினாறுக்குப் பன்னண்டு."

வாய் முந்திக்கொண்டது. அவள் இன்னும் ஒரு கோடுகூடப் போட்டிருக்கவில்லை. சிகாமணி நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவனுக்கு அது எப்படித் தெரியும் என்று அம்மா கேட்கவில்லை. வேறொன்று கேட்டார்.

"பெரியவருக்கு எந்த முழங்கால் வலி?"

அவர்கள் இருக்கும் வாடகை வீட்டுக்கு மூன்று தடவை போய், அவர் எதிரிலேயே உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு வந்தவன்தான் சிகாமணி. திரும்பி நாற்காலியைப் பார்த்தான். பெரியவர் இடது முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பத்துப் பேருக்கு வீடு போடச் சொன்னேன், சிகாமணி," என்றார் அம்மா. "நீ ஒருத்திக்குப் போட்டிருக்கே. அவ இங்க குடிவரப் போறதில்ல."