தெருவுக்கு மேலே வீடு

கோணக்கரைக்கு ஒரு விக்கி இருந்தது. ஊர்க்காரர் யாராயிருந்தாலும் கைபேசியில் திறந்து எழுதலாம், அடுத்தவர் எழுதியதைத் திருத்தலாம். வீட்டுக்கு ஒரு பக்கம், தெருவுக்கு ஒரு பக்கம், கிணற்றுக்கு ஒரு பக்கம் என்று மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு. எதிலிருந்து எதற்குப் போவது என்றுதான் யாருக்கும் தெரியாது. இதைக் கவனிக்க மூன்று பேர் குழு. ஏகாம்பரம் அதற்குத் தலைவர். மற்ற இருவரைவிட அவர் உயரம் என்பதால் போட்டியின்றித் தேர்வானார்.

ஏகாம்பரத்தின் கவலை எல்லாம் மகள் அல்லியைப் பற்றி. அவளைப் பெண் பார்க்கக் கிளம்பிய இரண்டு கூட்டமும் வீடு வந்து சேரவில்லை. முதல் கூட்டம் வழி பார்க்க விக்கியைத் திறந்து ‘நல்லதண்ணிக் கிணறு’ பக்கத்தில் மாட்டிக்கொண்டது. அங்கிருந்து போக முடிந்த ஒரே பக்கம் ‘கிணற்றில் விழுந்தவர்கள்’. படித்துவிட்டு வந்த வழியே போய்விட்டார்கள். இரண்டாவது கூட்டம் எங்கே போனது என்பது இன்றுவரை தெரியாது. இப்போது வியாழக்கிழமை மூன்றாவது வரன். இதுவும் கைநழுவிவிடுமோ என்று மனிதருக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. இட்லி மட்டும் இறங்கியது.

விக்கியை அமைத்துக் கொடுத்த குறிஞ்சிமலர் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தாள். அவளுக்குப் போன் போட்டார்.

“ஒண்ணும் கஷ்டமில்ல பெரியப்பா. எல்லாப் பக்கத்துலயும் இடது பக்கம் ஒரு பட்டியல் வைங்க. ஊர், தெரு, வீடுன்னு ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு. மேலேருந்து கீழே படிச்சுக்கிட்டே வந்தா வழி தெரிஞ்சுடும்.”

குழு கூடியது.

“இடதுன்னா யாருக்கு இடது?” என்றார் தாண்டவன். “போன் நம்மளப் பார்த்துல்ல இருக்கு? அதுக்கு இடது நமக்கு வலது.”

ஒரு மணி நேரம் யோசித்தார்கள். யார் மனமும் நோகக்கூடாது என்று இரண்டு பக்கமும் பட்டியல் வைப்பதாக முடிவானது. நடுவில் எழுதியிருந்ததற்கு இடம் போதவில்லை. அதை அழித்துவிட்டார்கள்.

பிறகு சொக்கையா தாம் எழுதியதைப் படித்துக் காட்டினார். “மேலே கோணக்கரை. அதுக்குக் கீழே பிள்ளையார் கோயில் தெரு. அதுக்கும் கீழே ஏகாம்பரம் வீடு.”

ஏகாம்பரத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. “தெருவுக்குக் கீழேயா என் வீடு?”

கோணக்கரையில் இது சாதாரண விஷயமில்லை. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே புது ரோடு போட்டுப் போட்டுப் பாதி ஊர் பள்ளத்துக்குப் போய்விட்டது. சம்பந்தம் பேச வருகிறவர்கள் ஜாதகத்துக்கு முன்னால் வாசற்படியைத்தான் எண்ணுவார்கள். ஏகாம்பரம் போன வருஷம்தான் மூன்று படி உயர்த்திக் கட்டியிருந்தார்.

“மழை பெஞ்சா முழங்கால் தண்ணியில நிக்கிற வீடுன்னுல்ல நெனைப்பாங்க? தூக்கி மேல வைய்யா!”

வீடு தெருவுக்கு மேலே ஏறியது. சேதி பரவியதும் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? எல்லா வீடும் ஏறியது. ஊர் அடியில் போய் உட்கார்ந்தது.

“ஊரு கடைசியில கெடக்கே?” என்றார் தாண்டவன்.

“ஊருதான்யா அஸ்திவாரம். அஸ்திவாரத்த மொட்டை மாடியிலயா வைப்பாங்க?” என்றார் ஏகாம்பரம். தலைவர் தலைவர்தான் என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

மாப்பிள்ளையின் அப்பா நாகப்பனுக்கும் தகவல் போனது. “எங்க விக்கியில பட்டியல் இருக்குதுங்க. மேலேருந்து கீழே அப்படியே வந்துடுங்க.”

வியாழக்கிழமை பஜ்ஜியும் கேசரியும் தயார். பத்து மணி ஆகியும் ஆளைக் காணோம். பத்தரைக்கு நாகப்பனே கூப்பிட்டார்.

“வந்துட்டோமுங்க. ஆட்டோக்காரர் ஒன்பதரைக்கே உங்க வாசல்ல எறக்கிவிட்டாரு. பட்டியலப் பார்த்தோம். முதல்ல வீடுன்னு போட்டிருந்துது, அது முடிஞ்சுது. அடுத்து தெரு, அங்க போனோம். அடுத்து ஊரு. இப்ப ஊர் எல்லைக்கல்லுகிட்ட நிக்கிறோம். இதுக்குக் கீழ ஒண்ணும் போடலீங்களே?”

ஏகாம்பரத்தின் கண் கலங்கிவிட்டது. சொன்னதைச் சொன்னபடி கேட்கிற குடும்பம்! இந்தக் காலத்தில் இப்படி ஒரு சம்பந்தம் தவமிருந்தாலும் கிடைக்குமா? “அசையாதீங்க, நாங்க வர்றோம்” என்று கத்தினார்.

பஜ்ஜித் தட்டு, கேசரிச் சட்டி, அல்லி, குழு எல்லாம் வீட்டிலிருந்து தெருவுக்கும், தெருவிலிருந்து எல்லைக்கும் பட்டியல்படி பிசகாமல் வந்து சேர்ந்தன. அல்லிக்கு மாப்பிள்ளையைப் பிடித்தது, அவருக்கு அவளைப் பிடித்தது. கல்லின்மேல் வைத்தே தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள்.

“சரி, வீட்டுக்குப் போவமா?” என்றார் ஏகாம்பரம்.

சொக்கையா கைபேசியைத் தடவிப் பார்த்தார். “ஊருக்குக் கீழ ஒண்ணும் இல்லீங்களே.”

“அப்பா, நம்ம வீடு அதோ தெரியுதே” என்றாள் அல்லி.

“கண்ணுக்குத் தெரியறது வேற, பட்டியல்ல இருக்கறது வேறம்மா.”

மாப்பிள்ளையும் அதுதான் நியாயம் என்றார். முகூர்த்தத்துக்கு முப்பத்தெட்டு நாள்தானே இருக்கிறது, இருந்துவிடலாம் என்று இரு வீட்டாரும் பாய் விரித்தார்கள். வெயில் தாங்கவில்லை என்று பந்தல்காரருக்குச் சொல்லிவிட்டார்கள். அவர் வந்து கீற்றுப் பந்தல் போட்டுவிட்டு, திரும்பிப் போக வழி கேட்டார். பட்டியலைக் காட்டினார்கள். இரண்டு தடவை நிதானமாகப் படித்துப் பார்த்தவர், செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டுத் தமக்கும் ஓர் இலை போடச் சொன்னார்.