கல்லில் வெட்டிய ஐந்து மணங்கு

முன்னொரு காலத்தில், மிதிவண்டி என்னும் விநோதம் ஊருக்கு ஒன்றாக உருண்டு வரத் தொடங்கியிருந்த காலத்தில், உதயபூபதி என்றொரு மன்னர் இருந்தார். நல்லவர். நன்றாகச் சாப்பிடுபவர். கடல் கடந்து வந்த வணிகன் ஒருவன் அவருக்கு ஒரு மிதிவண்டியைப் பரிசளித்தான். மன்னருக்கு ஆசை பற்றிக்கொண்டது. "வருகிற சித்திரைத் தேரோட்டத்தில் தேருக்கு முன்னால் நாமே இதில் ஏறிச் செல்வோம்" என்று அறிவித்துவிட்டார்.

ஆசைக்கென்ன, படலாம். சக்கரம் சம்மதிக்க வேண்டாமா? ஆற்றோர மணலில் பழகிக்கொண்டிருந்த மன்னர் ஒருநாள் பொத்தென்று விழுந்தார். பின் சக்கரம் அப்பளமாக நொறுங்கிக் கிடந்தது. மறுவாரம் புதுச் சக்கரம் மாட்டினார்கள். அதுவும் அப்பளம். "யானைக்கும் அடி சறுக்கும்" என்று ஆறுதல் சொல்ல வாயெடுத்த புரோகிதர் பாதியில் விழுங்கிக்கொண்டார். அந்த அரண்மனையில் யானை வரும் பழமொழி எதையும் மன்னர் காதுபடச் சொல்வதில்லை.

அதற்குக் காரணம் உண்டு. பதினாறு வயதில் முடிசூடியபோது மன்னரைத் துலாபாரத்தில் உட்கார்த்தி எடைக்கு எடை வெல்லம் வைத்தார்கள். ஐந்து மணங்கு வந்தது, இன்றைய கணக்கில் ஐம்பத்தைந்து கிலோவுக்குச் சற்று மேல். அதைக் கோயில் தூணில் வெட்டினார்கள். வருஷங்கள் போயின, மன்னர் வளர்ந்தார், உயரத்தில் அல்ல. பொக்கிஷ அதிகாரி அனந்தநிதியாருக்கு மன்னரைக் குளிர்விக்க இது போதாதா? "கல்லில் வெட்டியது மாறாது. மன்னரின் எடை என்றும் ஐந்து மணங்கே. வேறு சொல்பவன் நாடு கடத்தப்படுவான்" என்று ஆணையே போட வைத்துவிட்டார். அன்றோடு துலாபாரமும் நின்றது.

புதுச் சக்கரங்களை வாங்கித் தந்தவரும் அனந்தநிதியார்தான். வட்டை என்னும் வெளிவளையம் மெல்லியது, எண்ணிப் பார்த்தால் பதினாறே கம்பி. ஆனால் பழி யார் தலையில்? மாட்டிக் கொடுத்த பேச்சிமுத்து ஆசாரி சிறைக்குப் போனார்.

விகடகவி சடைநாதனுக்கு இது பொறுக்கவில்லை. ஆசாரியின் மனைவி அரண்மனை வாசலில் நின்று அழுததைப் பார்த்ததிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. சபையில் எழுந்து அவருக்காகப் பரிந்து பேசினான். இடுப்பு வலியில் இருந்த மன்னருக்கோ கோபம்.

"சடைநாதா, எதற்கும் பதில் வைத்திருப்பவன் நீ. எமக்கேற்ற சக்கரத்தை நீயே தேர்ந்து கொண்டு வா. அது தேரோட்டம் முடியும்வரை தாங்கினால் ஆசாரி விடுதலை. உடைந்தால் அவனுக்குத் துணையாக நீயும் உள்ளே இரு."

அனந்தநிதியார் மீசைக்குள் சிரித்தார். "மன்னர் பெருமானே, ஒரு விண்ணப்பம். சக்கரம் மன்னரின் எடைக்குத் தக்கதாக இருக்கட்டும். அந்த எடை ஐந்து மணங்கு. விகடகவி ஒரு பலம் எடை கூட்டிச் சொன்னாலும் ஆணை ஆணைதான்."

உண்மை எடையைச் சொன்னால் நாடு போகும், சொல்லாவிட்டால் சக்கரம் போகும். மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி. ஆனால் சடைநாதனின் மனம் வேறெங்கோ போய்விட்டது. முன் சக்கரம் உடையவே இல்லையே, ஏன்? அதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது அவனுக்கு.

நேரே சிறைக்குப் போனான்.

"ஆசாரியாரே, ரெண்டு தடவையும் பின்னாடிதானே போச்சு?"

"ஆமாங்க சாமி. முன்னாடி சக்கரத்துல ஒரு கீறல் இல்ல. கல்லுல அஞ்சு மணங்குன்னு வெட்டியிருக்கு, அஞ்சுக்கு இந்தக் கம்பி தாராளம்னுதான் மாட்டினேன். எம் மேல என்னங்க தப்பு?"

"தப்பு உம்ம மேல இல்ல. கல்லு மேலயும் இல்ல. பொறும், பாத்துட்டு வாரேன்."

ஆற்றங்கரை ஈர மணலில் மன்னர் கடைசியாக ஓட்டிய தடம் காய்ந்து இறுகி அப்படியே இருந்தது. சடைநாதன் குப்புறப் படுத்து அதைப் பார்த்தான். முன் சக்கரத் தடம் கோலக்கோடு மாதிரி லேசாக இருந்தது. பின் சக்கரத் தடமோ வாய்க்கால். ஆள் உட்காருவது பின்னால்தானே, பாரமும் அங்கேதான் இறங்குகிறது! அவனுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. தென்னை ஈர்க்கு ஒன்றை ஒடித்துத் தடத்தின் ஆழத்தை அளந்து வைத்துக்கொண்டான்.

மிச்சமிருந்த மெல்லிய சக்கரங்களை வண்டியில் மாட்டி, பக்கத்திலேயே ஈர மணலில் நிறுத்தி, இருக்கையில் மணங்குக்கு ஒன்றாக அரிசி மூட்டைகளைக் கட்டினான். ஐந்து மணங்கு ஏற்றியும் ஈர்க்கில் பாதி ஆழம்கூட வரவில்லை. இன்னும் ஏற்றினான். ஈர்க்கு சரியாகப் பொருந்தியபோது மூட்டைகளை எண்ணிப் பார்த்துவிட்டுத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான். ஆச்சரியம் என்னவென்றால், நிற்கும்வரை அந்தச் சக்கரமும் தாங்கியது. கரைமேட்டுக் கல்லில் உருட்டியதும் ஒரு கம்பி 'டிங்' என்றது. ஒன்று போனதும் மற்றவையும் வரிசையாகக் கிளம்பின.

பிறகு ஊரிலிருந்த சக்கரங்களையெல்லாம் தேடித்தேடிப் பார்த்தான். தபால்காரன் வண்டி, பால்காரன் வண்டி, ஒன்றையும் விடவில்லை. விரலால் கம்பிகளை மீட்டினான். எல்லாக் கம்பியும் ஒரே சுருதியில் பேசும் சக்கரம் பாரத்தைப் பங்கு போட்டுக்கொண்டது. ஒன்று தொளதொளத்தால் பக்கத்துக் கம்பிக்கு ஆபத்து. கடைசியில் பின்னால் முப்பத்தாறு கம்பி குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய அகல வட்டை, முன்னால் கொஞ்சம் இளைத்தது, இரண்டுக்கும் பருத்த டயர் என்று முடிவு செய்தான். சிறை முற்றத்திலேயே ஆசாரி அதை முறுக்கிச் சுருதி சேர்த்துக் கொடுத்தார்.

மறுநாள் சபைக்குள் வண்டி வந்தது. மேலே மூட்டைகள். சடைநாதன் அதைப் படிக்கட்டிலேயே தடதடவென்று இறக்கி, ஏற்றி, மறுபடி இறக்கினான். ஒரு கம்பி முனகவில்லை.

"மன்னர் பெருமானே, ஆணைப்படி சோதித்தேன். இதன்மேல் இருப்பது சரியாக ஐந்து மணங்கு அரிசி."

அனந்தநிதியார் துள்ளி எழுந்தார். மூட்டை எண்ணுவது அவர் பிறவிக்குணம். "பொய்! சபையோரே, இது பதினோரு மணங்கு! கண்ணுள்ளவர் எண்ணிக்கொள்ளலாம்!"

"அவசரப்பட வேண்டாம், பொக்கிஷத்தாரே. மன்னர் ஏறினால் மணலில் எவ்வளவு ஆழம் பதிகிறதோ, இந்த அரிசி ஏறினாலும் அவ்வளவே பதிகிறது. ஈர்க்கு இதோ, தடம் ஆற்றங்கரையில் இருக்கிறது. மன்னரின் எடை ஐந்து என்று கல் சொல்கிறது. ஆகவே இந்த அரிசியும் ஐந்து. இல்லை, பதினொன்றுதான் என்றால், தாங்கள் யாருடைய எடையைப் பதினொன்று என்கிறீர்கள் என்பதைச் சபைக்குச் சொல்லிவிடுங்கள்."

அனந்தநிதியாரின் முகம் வேப்பெண்ணெய் குடித்த மாதிரி ஆனது. "ஐந்து... ஐந்துதான். அடியேன்தான் தப்பாக எண்ணிவிட்டேன்."

மன்னர் அரியணையிலிருந்து இறங்கி வந்தார். மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டார். விகடத்துக்கும் வினைக்கும் நடுவே ஒரு முடிதான் என்பது சடைநாதனுக்குத் தெரியும்.

"சடைநாதா, நாம் பதினோரு மணங்கா?"

"அடியேன் சொல்லவில்லை, மன்னா. பொக்கிஷத்தார் சொன்னார்."

முதலில் மன்னரின் தோள் குலுங்கியது, பிறகு தொந்தி, பிறகு சபை முழுவதும். "இத்தனை நாளாக எம்மைத் தள்ளிவிட்டது சக்கரமல்ல, அந்தத் தூண்!" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஆசாரியை அந்தக் கணமே விடுவிக்கச் சொன்னார். ஆணையும் அன்றே செத்தது.

தேரோட்டத்தன்று மன்னர் மணியடித்துக்கொண்டே நான்கு வீதியும் ஓட்டினார். தேர் பின்னால் மெதுவாகத்தான் வந்தது. நிலைக்கு வந்து இறங்கியதும் சடைநாதனிடம், "என்ன வேண்டும், கேள்" என்றார்.

"சமையலுக்கு ஐந்து மணங்கு அரிசி போதும், மன்னா. பொக்கிஷத்தார் கையாலேயே அளந்து தரட்டும்."

அனந்தநிதியார் முன்னால் வந்தார். "எந்த ஐந்து?"

"தாங்கள் சபையில் எண்ணித் திருத்திக்கொண்டீர்களே, அந்த ஐந்து."

மன்னர் மறுபடி சிரிக்கத் தொடங்கினார். பிடித்துக்கொள்ள மிதிவண்டியைத் தவிர பக்கத்தில் ஒன்றுமில்லை. முழு பாரத்தையும் அதன்மேல் சாய்த்துச் சிரித்தார். அது தாங்கியது.