குக்குறுவான் கூப்பிடும் பெயர்

அந்தக் காலத்தில், பறவைகளெல்லாம் வாய்விட்டுப் பேசிப் பழகிய நாளில், ஆற்றங்கரை ஆலமரம் ஒன்றில் தவசி என்றொரு பச்சைப் பறவை குடியிருந்தான். அவன் மனைவி பவளாயி. நெடுநாள் காத்திருந்து அவர்களுக்கு ஒரேயொரு ஆண்குஞ்சு பிறந்தது.

அதற்குத் தன் அப்பா பெயரை வைப்பதென்று தவசி என்றோ முடிவு செய்திருந்தான். அப்பா பெயர் குக்குறுவான். பஞ்சம் வந்த வருஷம், அலகில் கிடைத்த பழத்தையெல்லாம் மகனுக்கு ஊட்டிவிட்டுப் பட்டினியில் செத்தவர் அவர்.

பெயர் சூட்டும் நாளில் மரமே கூடியது. தவசி பெயரைச் சொன்னதும் கிளி களுக்கென்று சிரித்தது.

"குக்குறுவானா? எந்தக் காலத்துப் பேரு மாமா இது! பொறக்கும்போதே பிள்ளையைக் கிழவனாக்கிட்டீங்களே!"

"கூட விளையாடுற குஞ்சுங்க 'குக்குறு, குக்குறு'ன்னு கேலி பண்ணும்," என்றது மைனா. "பெரியவர் பேரு வேண்டாம்னு சொல்லல. அதை வீட்டுக்குள்ள வச்சுக்குங்க. வெளியில கூப்பிட வானழகன்னு வையுங்க. இந்த வருஷம் எல்லாரும் அதைத்தான் வைக்கிறாங்க."

பவளாயி கணவன் அருகே நகர்ந்து வந்தாள். "ஊர் வாயை விடுங்க. நம்ம பிள்ளை. நீங்க ஆசைப்பட்ட பேரையே வையுங்க."

தவசி சுற்றிலும் பார்த்தான். அத்தனை கண்களிலும் சிரிப்பு. அப்பாவின் பெயர் தொண்டைவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, "வானழகன்," என்றான். மரம் ஆரவாரித்தது. பவளாயி மட்டும் பொந்துக்குள் போய்விட்டாள்.

அந்த மரத்தில் அவர்கள் பிள்ளையோடு சேர்த்து ஏழு வானழகன்கள். விடிந்தால் போதும், எந்தக் கிளையிலிருந்தாவது யாராவது "வானழகா!" என்று கூப்பிட்டபடி இருப்பார்கள். முதலில் ஒவ்வொரு தடவையும் ஓடிப்போன பிள்ளை, "உன்னையில்லடா" என்று கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனான். பிறகு திரும்பிப் பார்ப்பதையே விட்டுவிட்டான்.

ஒரு நடுப்பகலில் அவன் வெளிக்கிளையில் தனியாகப் பழம் கொத்திக்கொண்டிருந்தான். உச்சியிலிருந்த தவசி, வல்லூறு ஒன்று தாழ்ந்து வருவதைக் கண்டான்.

"வானழகா! வானழகா!"

பழக் காலத்தில் கூடிய பறவைகளின் இரைச்சலில் அது அப்பாவின் குரலென்று பிள்ளைக்குப் பிடிபடவில்லை. யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று தலையைக்கூடத் தூக்கவில்லை.

தவசி பாய்ந்து போய்ச் சேர்ந்தபோது கிளை ஆடிக்கொண்டிருந்தது. கிளையில் யாருமில்லை.

பொந்துக்குத் திரும்பியவன் மனைவியின் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றான்.

"கூப்பிட்டேன் பவளாயி. ரெண்டு தடவை கூப்பிட்டேன்."

"கேட்டுச்சு," என்றாள் அவள். "ஏழு பேரைக் கூப்பிட்டீங்க."

மறுநாள் கிளியும் மைனாவும் துக்கம் விசாரிக்க வந்தன. ஆளுக்கொரு பழத்தை வைத்துவிட்டுப் போயின. தவசி அவற்றைத் தொடவில்லை. மர உச்சிக்குப் போனான். ஊர் சிரிக்குமென்று பிள்ளைக்கு வைக்காமல் போன பெயரை ஊருக்கெல்லாம் கேட்கும்படி கூப்பிட்டான். "குக்குறு... குக்குறு..." வெயில் தாழும்வரை அவன் இறங்கி வரவில்லை.

அன்று முதல்தான், குக்குறுவான் என்று நாம் சொல்லும் அந்தப் பச்சைப் பறவை கோடைப் பகலெல்லாம் மர உச்சியில் உட்கார்ந்து அந்த ஒரே பெயரைக் கூப்பிடுகிறது. சில நேரம் தொலைவில் இன்னொரு குக்குறுவான் பதில் குரல் கொடுக்கும். கூப்பிடுவதை ஒரு கணம் நிறுத்தி, அது யாருடைய குரலென்று இது காது கொடுத்துக் கேட்கும். பிறகு முதலிலிருந்து கூப்பிடத் தொடங்கும்.