ஓடைக்கல் கணப்பு

மலை மேலிருந்த அந்தச் சின்ன மடத்தில் மார்கழி வந்தால் எல்லோருக்கும் பல் தந்தியடிக்கும். மடத்தை நடத்தியவர் வேதநாயகி அம்மா, வயது நாற்பத்தைந்து. சீடர் தணிகாசலத்துக்கு அறுபத்திரண்டு. ரோடு ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். நாலு வருஷமாக ஒரே கேள்வியோடு அம்மாவைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"எனக்குத் தீட்சை எப்பம்மா?"

அந்த மார்கழியில் அம்மா வாயைத் திறந்தார். "கொல்லையில ஒரு கணப்புக் குழி கட்டுங்க. சுத்தி உட்கார்ந்து குளிர் காயணும். முதல் நெருப்பு எரியற அன்னைக்குச் சொல்றேன்."

தணிகாசலத்துக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே ரெண்டு முழ அகலத்துக்கு வட்டம் போட்டுக் குழி தோண்டினார். மலைப்பாறைக் கல் கரடுமுரடாக இருந்தது. கீழே ஓடையில் கிடந்த கற்களோ வழவழவென்று கண்ணைப் பறித்தன. அவற்றைச் சுமந்து வந்து குழியைச் சுற்றி அடுக்கினார். அரைவட்டமாக ஏழு இருக்கைகள். நெருப்புக்கு மிகக் கிட்டத்தில், கொஞ்சம் உயரமாக, முதுகு சாய்த்துக்கொள்ளும்படி அம்மாவுக்கு ஒன்று.

மடத்தில் சமைக்கும் பொன்னுருவி, இடுப்பில் கை வைத்தபடி வந்து நின்றாள்.

"ஓவர்சியர் ஐயா, இது ஓடைக் கல்லு. தண்ணியக் குடிச்சு வச்சிருக்கும். சூடு ஏறினா வெடிக்கும்."

"முப்பது வருஷம் ரோடு போட்டவன் நான். நீ அடுப்பப் பாரு, கல்ல நான் பாத்துக்கறேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பொன்னுருவி உள்ளே போய்விட்டாள்.

ஆனாலும் மனுஷனுக்கு உள்ளுக்குள் உறுத்தியது. முதல் நெருப்புக்கு முந்தின நாள் மத்தியானம், சமையற்கட்டில் யாரும் இல்லாத சமயம் பார்த்து, ஓர் ஓடைக்கல்லை அடுப்பில் போட்டார். கால்மணி நேரத்தில் அது படாரென்று வெடித்தது. சில்லு ஒன்று பானையில் மோதி விழுந்தது. தணிகாசலம் சில்லுகளை அவசர அவசரமாகப் பொறுக்கிச் சாம்பலுக்குள் புதைத்தார்.

'இது ஈரமான கல். குழியில் இருப்பவை அஞ்சு நாளாக வெயிலில் காய்ந்தவை' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். பிரித்துக் கட்டினால் பொன்னுருவி முகத்தில் எப்படி விழிப்பது? நாலு வருஷம் காத்திருந்த தீட்சை என்னாவது?

மறுநாள் பொழுது சாயும் நேரம். எல்லோரும் கொல்லையில் கூடினார்கள்.

"முதல் நெருப்புக்கு நான் மட்டும் உட்கார்றேன். நீங்கல்லாம் பலா மரத்துக்கிட்டயே நில்லுங்க" என்றார் அம்மா. உயரமான இருக்கையில் போய் அமர்ந்தார். தணிகாசலத்தை மட்டும் பக்கத்தில் நிற்கச் சொன்னார்.

விறகு பற்றிக்கொண்டது. கணகணவென்று சூடு பரவியது. மரத்தடியிலிருந்து யாரோ, "ஓவர்சியர்னா ஓவர்சியர்தான்!" என்றார்கள். தணிகாசலம் சிரிக்க முயன்றார்.

அப்போது 'டிக்' என்று ஒரு சத்தம்.

விறகாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். மறுபடி 'டிக்'. அம்மாவின் முழங்காலுக்கு நேர் எதிரே இருந்த கல்லில் மயிரிழை போல் ஒரு கோடு ஓடியது. அதிலிருந்து நீர் கசிந்து கொப்பளித்தது.

"தணிகாசலம், இன்னும் ரெண்டு விறகு போடலாமா?"

மரத்தடியில் பொன்னுருவி தணிகாசலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஆமா என்றும் இல்லாமல் வேண்டாம் என்றும் இல்லாமல் தலையை அசைத்தார்.

அம்மா குனிந்து தாமே இரண்டு விறகை எடுத்துப் போட்டார். தீ நாக்கு கல்லை நக்கியது. கோடு இன்னும் நீண்டது.

"நல்லா இருக்கு. எல்லாரையும் கிட்ட வரச் சொல்லட்டுமா?"

"வேணாம்மா! எழுந்திருங்க!"

அம்மாவை யாரும் தொடக் கூடாது என்பது மடத்து வழக்கம். தணிகாசலம் அவர் கையை இறுகப் பற்றி ஒரே இழுப்பாக இழுத்தார். இருவரும் மண்ணில் விழுந்தார்கள். கல் வெடித்தது. உள்ளங்கை அகலச் சில்லு ஒன்று, அம்மா அமர்ந்திருந்த இருக்கையின் முதுகில் அறைந்து தெறித்தது.

எல்லோரும் ஓடி வந்தார்கள். தணிகாசலம் எழவில்லை. உட்கார்ந்தபடியே பொன்னுருவியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நீ சொன்னதுதாம்மா சரி. நேத்தே ஒரு கல்ல உன் அடுப்புல போட்டுப் பாத்தேன், வெடிச்சுது. சாம்பல்ல புதைச்சிட்டேன். வெக்கப்பட்டுக்கிட்டு யாருகிட்டயும் சொல்லல."

பொன்னுருவி ஒரு குடம் தண்ணீரைத் தூக்கி வந்து, தள்ளி நின்று நெருப்பில் வீசி ஊற்றினாள்.

அம்மா புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். தணிகாசலம் தலை நிமிராமல் கேட்டார்.

"இந்தக் கல் வெடிக்கும்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா உட்கார்ந்தீங்க?"

"கல்லப் பத்தித் தெரியும்" என்றார் அம்மா. "உங்களப் பத்தித்தான் தெரியாம இருந்துச்சு."