கண்ணை மூடிய இகுவானா

பச்சைப்பசேலென்று உடும்பு மாதிரி இருந்த இகுவானாவைப் பார்த்ததும் ஆசிரமத்தில் எல்லாரும் ஒதுங்கிப் போனார்கள். வெளிநாடு கிளம்பிய பக்தர் ஒருவர் விட்டுவிட்டுப் போன பிராணி அது. வைத்தியலிங்கம் மட்டும் ஒதுங்கவில்லை. பணி ஓய்வு பெற்றபின் சீடராக வந்து சேர்ந்த மனுஷனுக்குக் கொஞ்சுவதற்கு ஒன்று கிடைத்தது, விடுவாரா?

குறை சொல்லக்கூடாது, நன்றாகவே பார்த்துக்கொண்டார். கண்ணாடி வழியாக வரும் வெயில் போதாது என்று கால்நடை மருத்துவர் சொன்னதும் தோட்டத்தில் கம்பிவலைக் கூண்டு கட்டினார். ஏறிப் படுக்கக் கொய்யாக் கிளை, ஒதுங்க நிழல், வேளைக்கு முருங்கைக் கீரை, செம்பருத்திப் பூ. எல்லாம் சரி. சும்மா சும்மா தொட வேண்டாம் என்று மருத்துவர் சொன்னதை மட்டும் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

ஏனென்றால், அவர் தலையைத் தடவினால் அது கண்ணை மூடிக்கொள்ளும். அசையாது. வைத்தியலிங்கத்துக்குப் புல்லரித்துப்போனது. தன் கை பட்டதும் சமாதியில் உட்கார்ந்துவிடுகிறது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்தார். பொழுதன்னைக்கும் தடவல்தான்.

அது இரை எடுப்பதை நிறுத்தியது. இப்படியே போனால் பிழைக்காது என்று மருத்துவர் கைவிரித்துவிட்டார். வைத்தியலிங்கத்துக்குப் பாதி உயிர் போய்விட்டது. பகல் பந்தியில் உட்கார்ந்தவர், பரிமாறிக்கொண்டிருந்த குரு மங்களாம்பாளிடம் கலங்கிப்போய்க் கேட்டார். அம்மா அவரைவிட வயதில் ரொம்ப இளையவள்தான்.

“சமாதி கூடுற ஜீவன், ஏம்மா சாப்பிட மாட்டேங்குது?”

அம்மா ரச வாளியைக் கீழே வைத்தாள். அவருடைய வழுக்கைத் தலையைத் தடவ ஆரம்பித்தாள்.

முதலில் ஆசீர்வாதம் என்று பூரித்தார். அம்மா நிறுத்தவில்லை. பந்தி முழுக்க வேடிக்கை பார்த்தது. கையைத் தட்டிவிடவும் முடியாது, எழுந்து போகவும் முடியாது. வேறு வழியில்லாமல் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். மற்றவர்கள் சாப்பிட்டு எழுந்தார்கள். அவர் இலையில் சோறு அப்படியே இருந்தது.

“ஏன் சாப்பிடல?” என்றாள் அம்மா.

“நீங்க கையை எடுத்தாத்தானே அம்மா?”

“கண்ணை மூடிட்டீங்களே. சமாதின்னுல்ல நினைச்சேன்.”

வைத்தியலிங்கத்துக்கு முகம் சுண்டிப்போனது.

அதன்பிறகு கூண்டுக்குள் பூவை வைத்துவிட்டு எட்டப் போய் உட்கார்ந்துகொண்டார். முதலில் அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்புறம் ஒருநாள், கண்ணை நன்றாகத் திறந்தபடி கிளையிலிருந்து இறங்கி வந்து பூவைத் தின்றது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மாவிடம் ஓடினார்.

“சாப்பிட்டுடுச்சும்மா. இனி ஒரே ஒரு தடவை தடவிக்கட்டுமா?”

அம்மா கையை அவர் தலைப்பக்கம் நீட்டினாள்.

வைத்தியலிங்கம் சட்டென்று பின்னால் நகர்ந்துகொண்டார்.