அத்தனையும் அபாரம்

கரூரில் செஸ் கோச்சிங் சென்டர் நடத்திவந்த முத்துவேலப்பன், ஊர்ப் போட்டியில் ஒரு லாரி டிரைவரிடம் தோற்றுப்போனார். தோற்றவர் சும்மா இருந்தாரா? சென்டரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த கோகிலவாணியின் உயிரை எடுத்தார்.

எந்த ஆட்டத்தைக் கொடுத்தாலும் தானாகவே அலசி, எது தப்பு, எது அபாரம் என்று சொல்லும் சின்ன புரோகிராம் ஒன்றை அவள் எழுதியிருந்தாள். அவர் தோற்ற ஆட்டத்தைக் கொடுத்தால், கிட்டத்தட்ட வரிக்கு வரி தப்பு என்றே வந்தது.

"உன் புரோகிராம்தான் தப்பு," என்றார். அவள் மறுபடி மறுபடி சரிபார்த்தாள். அதேதான் வந்தது.

"நான் செஞ்சது எதையுமே அது குறை சொல்லக் கூடாது. ஆண்டு விழாவுல பெத்தவங்க முன்னாடி போட்டுக் காட்டணும். இல்லாட்டி நாளையிலிருந்து வராதே."

"சரிங்க சார்," என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

விழாவில் திரையில் ஓடியது: 'ராணியைச் சும்மா தூக்கிக் கொடுத்தார்: அபாரம். யானையைக் கோட்டைவிட்டார்: அபாரம். தோல்வியை ஒப்புக்கொண்டார்: அபாரம்.'

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"என்ன புள்ள இது?" என்று பாய்ந்தார்.

"நீங்க சொன்னபடி எல்லாத்தையும் அபாரம்னு மாத்தீட்டனுங்க சார்," என்றாள் கோகிலவாணி. "அந்தக் கடைசி ஒண்ணு மட்டும் நான் மாத்துனதில்லீங்க. அது கம்ப்யூட்டரே சொன்னது."